மாட்டுப்பெண்ணுக்குச் சொன்ன பதம்

இப்போது எல்லோரும் குக்கீஸ் என்கிறார்கள். எங்கள் வீட்டில் அதற்கு பிஸ்கெட் என்றுதான் பெயர். மைதா, நெய், ஒரு கை ரவை, சுக்குப் பொடி, நொலேன் குர். முட்டை கிடையாது. கொல்கத்தாவில் குளிர் தொடங்கியதும், ஈச்சமரப் பதநீரைக் காய்ச்சிப் பானைகளில் கொண்டுவந்து விற்கும் வெல்லம்தான் நொலேன் குர். வங்காளிகள் அதை ரொட்டியில் தொட்டுக்கொள்வார்கள், சந்தேஷில் சேர்ப்பார்கள், பாயசத்தை இறக்கியபிறகு கலப்பார்கள். அதைத் தனியாக அடுப்பில் ஏற்றி மறுபடியும் காய்ச்சமாட்டார்கள். காய்ச்சினால் அந்த வாசனை போய்விடும்.

அம்மா காய்ச்சினாள். கல்யாணமாகி, கிடர்பூரில் அப்பாவின் துறைமுகக் குவார்ட்டர்ஸுக்கு வந்த முதல் குளிர்காலம் அது. வெல்லம் என்றால் பாகு வைக்க வேண்டும், அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். அதிரசத்துக்கு வைப்பதுபோல் வைத்தாள். கவனம் தப்பி, பாகு பதம் தாண்டிக் கறுத்துவிட்டது. கீழ்வீட்டு வங்காளி அம்மாள் மாஷிமா வந்து பார்த்து, "ஏ பாபா!" என்று தலையில் அடித்துக்கொண்டாராம். கொட்ட மனசு வராமல் அம்மா அதையே நெய்யிலும் மாவிலும் ஊற்றிப் பிசைந்து, மாஷிமா காட்டிய பேக்கரியில் கொடுத்துச் சுட்டு வாங்கிவந்தாள். இனிப்பு போனபிறகு நாக்கின் பின்புறத்தில் மெல்லிய கசப்பு. அப்பாவுக்கு அது பிடித்துப்போய்விட்டது. அந்தத் தப்பு அன்றிலிருந்து எங்கள் வீட்டுச் செய்முறையாகிவிட்டது.

நான் விவரம் தெரிந்ததிலிருந்து அந்த பிஸ்கெட்டுக்கு வேலை செய்திருக்கிறேன். மாவு சலிப்பது நான். சுக்கு இடித்துத் துணியில் வடிகட்டுவது நான். வில்லை வில்லையாகத் தட்டி, முள்கரண்டியால் குத்தி வரிசையாக அடுக்குவதும் நான்தான். பேக்கரித் தட்டில் முட்டை பட்டிருக்குமே என்று எங்கள் வீட்டுத் தட்டுகளையே எடுத்துப்போவோம். நான்கு அலுமினியத் தட்டுகள். அவற்றைத் தூக்குவதும் நான்தான். பேக்கரியில் அம்மா அடுப்புப் பக்கத்திலேயே நின்று, எங்கள் தட்டுகள் மேல் அடுக்கில்தான் இருக்க வேண்டும், கீழே வைத்தால் மேலேயிருந்து ஏதாவது சொட்டும் என்று பேக்கரிக்காரரோடு வாதாடுவாள். அவர், "சரி பௌதி, சரி பௌதி" என்று அண்ணி முறை வைத்துச் சிரித்துக்கொண்டே மேலே வைப்பார். தட்டு சூடு ஆறுவதற்குள் அம்மாவுக்குக் கிளம்பியாக வேண்டும். துணி சுற்றிப் பிடித்தாலும் என் உள்ளங்கை இரண்டு நாள் சிவந்திருக்கும்.

ஒன்றை மட்டும் நான் பார்த்ததில்லை. பாகை இறக்கும் நேரம்.

அந்த நேரம் நெருங்கும்போது அம்மாவுக்குத் திடீரென்று ஏதாவது ஞாபகம் வந்துவிடும். "வாசல்ல காய்கறிக்காரன் வந்துட்டானா பாரு." "மொட்டை மாடில துணி காயறது, எடுத்துண்டு வா." "மாஷிமாகிட்ட அந்த பெரிய கரண்டியை வாங்கிண்டு வந்துடு." நானும் போவேன். காய்கறிக்காரன் இருக்கமாட்டான், துணி காய்ந்திருக்காது, மாஷிமாவிடம் பெரிய கரண்டியே கிடையாது. திரும்பி வரும்போது பாகு நெய்யில் விழுந்திருக்கும். அத்தனை வருஷமும் அதை யதேச்சை என்றுதான் நினைத்திருந்தேன். படித்தவள், வேலைக்குப் போகிறவள், இவ்வளவு மண்டுவாகவா ஒருத்தி இருப்பாள் என்று இப்போது என்மேலேயே எரிச்சலாக வருகிறது.

அது யதேச்சை இல்லை என்று தெரிந்தது தம்பிக்குக் கல்யாணமான வருஷம். அதற்குள் அப்பா போய்விட்டார், நாங்கள் பாலிகஞ்சில் ஒரு ஃபிளாட்டுக்கு வந்துவிட்டோம். தம்பி பெண்டாட்டி பெங்களூரிலிருந்து முதல்முறையாகக் குளிர்காலத்துக்கு வந்திருந்தாள். பாகு கொதிக்க ஆரம்பித்ததும் அம்மா என்னைத் தட்டு அலம்பப் பின்பக்கம் அனுப்பினாள். அலம்பின தட்டுகள்தான். மறுபடியும் அலம்பச் சொன்னாள். நான் பாதி வழியில் நின்றேன். உள்ளே அம்மாவின் குரல் கேட்டது.

"கிட்ட வந்து பாரும்மா. இது இந்தாத்து மாட்டுப்பொண்ணுக்குத்தான். பொண்ணுங்கறவ இன்னொரு ஆத்துக்குப் போறவ. அவகிட்ட சொன்னா அது அங்கே போயிடும்."

எந்த ஆத்துக்கு? எனக்கு அப்போது முப்பத்தாறு. வந்த இரண்டு மூன்று வரன்களும் தட்டிப்போய், ஜாதகத்தைக் கையில் எடுப்பதையே அம்மா நிறுத்தி நாலு வருஷம் ஆகியிருந்தது. நான் எங்கேயும் போகப்போவதில்லை என்று என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் நான் போகிறவள், விமானத்தில் வந்து பத்து நாள் இருந்துவிட்டுத் திரும்பப் போகிறவள் இந்த வீட்டுக்காரி. அம்மா ஒரு தாளில் தமிழில் எழுதியும் கொடுத்தாள். அதை அந்தப் பெண் மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டதைப் பார்த்தேன். தட்டுகளை இரண்டாம் முறை அலம்பிக் கொண்டுவந்து வைத்தேன், ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

அம்மா குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தபிறகு இரண்டு குளிர்காலம் பிஸ்கெட் இல்லாமல் போயிற்று. அவளைத் தூக்கி உட்காரவைப்பது, துடைப்பது, மாத்திரை கொடுப்பது எல்லாம் நானும் பகலில் வரும் ஆயாவும். தம்பி தினமும் வீடியோவில் பேசுவான். பேசிமுடித்தால் அம்மாவின் முகம் தெளிந்துவிடும், அரைமணி நேரம் என்னிடம்கூட நன்றாகப் பேசுவாள். போன குளிர்காலத்தில் அவளுக்கு சாப்பாடு இறங்குவது குறைந்தது. எதைக் கொடுத்தாலும் இரண்டு வாய். ஒருநாள் தானாகவே, "அந்த பிஸ்கெட் இருந்தா ஒண்ணு திம்பேன்" என்றாள்.

இப்போதாவது சொல்வாள் என்று நினைத்தேன். கட்டிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "எப்போ இறக்கணும்னு சொல்லும்மா, நான் பண்றேன்" என்றேன். வெட்கத்தை விட்டுக் கேட்டேன். ஐம்பத்து நான்கு வயதில், பிஸ்கெட்டுக்கு.

"அது அவகிட்ட இருக்கு. அவளைக் கேளு."

"நீ இங்கேதானே இருக்கே. வாயால சொல்லேன்."

"குடுத்ததைத் திருப்பி வாங்கப்படாது. அவளைக் கேளு."

கேட்டேன். அன்றைக்கே, அலுவலகத்திலிருந்து. தம்பி பெண்டாட்டி நல்ல பெண்தான், அதைச் சொல்லாவிட்டால் பாவம். "ஐயோ அக்கா, அந்தப் பேப்பர் வீடு மாத்தினப்போ எங்கே போச்சோ தெரியலை. நான் ஒரே ஒரு தடவைதான் பண்ணிப் பார்த்தேன். இங்கே யாருக்கும் பிடிக்கலை, கசக்கறதுன்னுட்டா. எந்தப் பதத்துல இறக்கச் சொன்னான்னுகூட நினைவில்லை. அம்மாகிட்ட சொல்லிடாதீங்கோ, வருத்தப்படுவா" என்றாள். நான் சொல்லவில்லை. ஃபோனை வைத்தபோது எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் கோபம் என்று அன்றைக்குக் கேட்டிருந்தால் சரியாகச் சொல்லியிருக்கமாட்டேன். இன்றைக்குச் சொல்வேன்.

நானே பண்ணிப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். வீட்டில் பண்ணினால் அம்மா கட்டிலிலிருந்தபடியே குறை சொல்வாள். பேக்கரியில் வெளித்தட்டு வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். சால்ட் லேக்கில் என்னோடு வேலைபார்க்கும் ஒரு பெண்ணின் வீட்டில் மின்சார ஓவன் இருக்கிறது. வேலைமுடிந்து சனிக்கிழமை மத்தியானங்களில் அங்கே போனேன். முதல் தடவை சீக்கிரம் இறக்கிவிட்டேன், வெறும் இனிப்பு. அடுத்த தடவை கரி. அவளுடைய வாணலியே பாழாயிற்று. மூன்றாவது தடவையும் சரியாக வரவில்லை. "தீதி, நொலேன் குரை இப்படிக் கொலை பண்ணாதீங்க, எனக்குப் பார்க்க முடியலை" என்று அந்தப் பெண் வங்காளத்தில் கெஞ்சினாள்.

நாலாவது தடவை, பாகு நுரைத்துக்கொண்டிருந்தபோது ஃபோன் அடித்தது. ஆயா. அம்மாவின் மாத்திரை எங்கே இருக்கிறது என்று கேட்டாள். பேசிக்கொண்டே கூடத்துக்குப் போய்விட்டேன். திரும்பி நடக்கும்போது அந்த வாசனை எதிரே வந்தது. கண்ணால் நான் ஒருநாளும் பார்த்திராத பதம், ஆனால் இந்த வாசனையை எனக்குத் தெரியும். மொட்டை மாடியிலிருந்து ஈரத்துணியோடு இறங்கும்போது, மாஷிமா வீட்டிலிருந்து வெறுங்கையோடு ஏறும்போது, முப்பது வருஷமாக வாசற்படியில் எனக்குக் கிடைத்துவந்த வாசனை. ஓடிப்போய் இறக்கினேன். சுட்டு எடுத்த பிஸ்கெட்டைக் கடித்ததும் அழுதேன். அந்தப் பெண் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

மறுநாள் காலையில் ஒரு டப்பாவில் போட்டு அம்மாவிடம் கொடுத்தேன். யார் பண்ணியது என்று சொல்லவில்லை. அவளே கண்டுபிடிக்கட்டும் என்று இருந்தேன். என் வாயால் சொல்லி வாங்கிக்கொள்ளும் பாராட்டு எனக்கு வேண்டாம் என்று ஒரு வீறாப்பு. அம்மா ஒன்றை எடுத்து முகர்ந்தாள். சின்னதாகக் கடித்து, வாயிலேயே ஊறவைத்து விழுங்கினாள். பிறகு இன்னொன்று. பிறகு மூன்றாவது. ஒரு மாதமாக அவள் எதையும் இப்படிச் சாப்பிட்டு நான் பார்க்கவில்லை. அவள் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

"அப்படியே என் கை" என்றாள். "எப்போ வந்தது பெங்களூர்லேர்ந்து?"

'நான் பண்ணினேன்' என்பதற்கு இரண்டு வார்த்தைதான். வாய்வரை வந்தது. ஆனால் அவள் என் பதிலுக்குக் காத்திருக்கவேயில்லை. "பாத்தியா? அதனாலதான் அவகிட்ட குடுத்தேன். ஃபோனைப் போடு, நான் பேசணும்" என்றாள். சரி, போடுகிறேன், உண்மை அந்தப் பக்கத்திலிருந்தே வரட்டும் என்று நினைத்தேன். பெருந்தன்மை ஒன்றும் இல்லை. அம்மா வெட்கப்படுவதைப் பக்கத்தில் நின்று பார்க்க ஆசையாக இருந்தது.

ஸ்பீக்கரில் போட்டுக் கட்டிலில் வைத்தேன். அம்மா நாத்தழுதழுக்க, "பிஸ்கெட் கிடைச்சுதும்மா. அதே பதம். மூணு தின்னேன். நன்னா இருப்பே" என்றாள்.

நான் குனிந்து ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பிடிச்சுதாம்மா?" என்றாள் தம்பி பெண்டாட்டி. "இன்னும் அனுப்பறேன்."

அம்மாவின் மனசு நோகக்கூடாதென்று சொன்ன பொய் அது. எனக்கும் புரிந்தது. புரிந்ததால் ஒன்றும் குறையவில்லை. அவர்கள் பேசிமுடிக்கும்வரை நின்றேன். பிறகு ஃபோனை எடுத்துக்கொண்டு, அம்மாவின் மடியில் விழுந்திருந்த துகள்களைத் தட்டிவிட்டு, தலையணையைச் சரிசெய்து அவளைச் சாய்த்தேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். வெகுநாளைக்குப் பிறகு வயிறு நிறைந்த முகம். என்மேல் நிஜமான கரிசனத்தோடுதான் பேசினாள்.

"நீயும் அவளைக் கேட்டுக் கத்துக்கோடி. உனக்கும் ஒண்ணாவது தெரிஞ்சிருக்கட்டும்."

கேட்கிறேன் என்றேன்.