சிங்கிள் ஜெர்சியில் ஒரு லண்டன் நாடகம்

பெண் பார்க்க வந்தவர்கள் 'இந்தச் சம்பந்தம் வேண்டாம்' என்று சொன்னால் பெண்ணைப் பெற்றவர் என்ன செய்வார்? முகத்தைத் தொங்கப் போடுவார். போன சனிக்கிழமை ஒருவருக்கு முகத்தைத் தொங்கப் போடுவதா, சிரிப்பதா என்றே தெரியவில்லை. பக்கத்தில் நின்ற எனக்கும்தான்!

திருப்பூரில் ஒரு பெண்கள் கல்லூரி. ஆண்டு விழா. அங்கே ஆங்கிலப் பேராசிரியையாக இருக்கும் ரெஜினா என் சிநேகிதி, தூத்துக்குடிக்காரி. விக்டோரியா மகாராணி காலத்தில் ஒரு பெண்மணி எழுதிய நாடகத்தைத் தமிழாக்கி, மாணவிகளை நடிக்க வைத்திருந்தாள். "நீ வந்து முன்னாடி உக்காந்து கை தட்டுனா போதும்டி" என்று அழைப்பு.

அந்த நாடகத்துக்கு ஒரு பூர்வ கதை உண்டு. கிளாரா ஒரு கடைக்காரர் மகள். எட்வின் என்ற பணக்காரப் பிரபு அவள் முன் மண்டியிட்டுக் கல்யாணத்துக்குக் கேட்கிறான். 'முடியாது' என்று சொல்லிவிட்டு, அப்பாவின் கடையை நடத்தப் போகிறாள் கிளாரா. இதுதான் அந்த அம்மாள் எழுதிய முடிவு. லண்டனில் முதல் காட்சி முடிந்ததுமே, கூட்டம் வராது என்று தியேட்டர் முதலாளி முடிவை மாற்றிவிட்டாராம். மறுநாளே கிளாரா வெட்கப்பட்டுச் சம்மதித்து, கல்யாண மணி அடித்து... திரை! எழுதியவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்கப்புறம் ஊர் ஊராகப் போன நாடகக் கம்பெனிகள், கப்பலேறி வந்த குழுக்கள், பள்ளிக்கூட மேடைகள் — எல்லா இடத்திலும் கல்யாணம்தான். நிஜ முடிவு புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் கிடந்தது. கிளாராவாக நடிக்கும் சங்கீதாவுக்கு மட்டும் ரெஜினா அதைப் படித்துக் காட்டியிருக்கிறாள்.

கல்லூரி நிர்வாகம் என்ன சொல்லியிருக்கும்?

"கல்யாணத்துலயே முடிச்சிருங்க மேடம். மங்களகரமா இருக்கும்."

தியேட்டர் முதலாளிகள் லண்டனில் மட்டுமா இருக்கிறார்கள்?

நாடக உடைகளைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். மாணவிகளில் பாதிப் பேருக்கு வீட்டிலேயே பனியன் கம்பெனி. எக்ஸ்போர்ட்டில் ரிஜெக்ட் ஆன சிங்கிள் ஜெர்சி என்ற பனியன் துணியில் சீமாட்டி கவுன்கள் தைத்திருந்தார்கள். ஜெர்சியை வெட்டினால் ஓரம் சுருளுமே... லண்டன் சீமாட்டிகளின் பாவாடை ஓரமெல்லாம் அப்பளம் மாதிரி சுருண்டு நின்றது. எட்வினாக நடித்த நாகஜோதியின் மீசை, துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக் நூலில் செய்தது. பசை போதவில்லை. ஒரு கையால் காதலையும் மறு கையால் மீசையையும் காப்பாற்றிக்கொண்டிருந்தாள்.

நாடகம் ஆரம்பிக்கும் முன் சங்கீதாவின் அப்பா துரைசாமி என்னிடம் வந்தார். எனக்குப் பழக்கமானவர், சின்னதாக ஒரு கார்மெண்ட்ஸ் வைத்திருக்கிறார். புது வேட்டி, முகமெல்லாம் வேர்வை.

"அம்மிணி, நம்ம புள்ளையப் பார்க்க மாப்பிள்ளையோட அம்மா வந்துருக்கறாங்க. அந்தச் செவப்புப் பட்டுச் சேலைங்க. பக்கத்துல உக்காந்து ரெண்டு நல்ல வார்த்தை சொல்லுங்க, சாமி."

கோயிலில் வைத்துப் பெண் பார்ப்பதில்லையா? அதேபோல் நாடகத்தில். பிடித்தால் பேச்சு. பிடிக்காவிட்டால், 'நாடகம் பார்க்கத்தானே வந்தோம்' என்று கௌரவமாக எழுந்து போய்விடலாம். பெண்ணுக்குத் தெரியவே தெரியாது — என்று பெரியவர்கள் நினைத்துக்கொள்வார்கள். திரையின் ஓரத்தில் ஒரு ஜோடிக் கண் எங்கள் வரிசையையே முறைத்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். சங்கீதாவுக்கு வேலைக்குப் போகத்தான் ஆசை. படிப்பு முடிந்ததும் கல்யாணம் என்பது அப்பாவின் முடிவு.

செவப்புப் பட்டுச் சேலைக்குப் பெயர் சரஸ்வதி. பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனியை நிர்வாகம் செய்பவர். பக்கத்தில் மகன். "புள்ளை ரொம்ப அடக்கமுங்க" என்று என் முதல் நல்ல வார்த்தையைச் சொன்னேன். அவர் பார்வை மேடையில் இருந்தது.

"ஏனுங்க, அந்தக் கவுன்ல கைக்கு ஒரு ஷேடு, உடம்புக்கு ஒரு ஷேடு இருக்குதுங்களே?"

கடைசிக் காட்சி வந்தது. எட்வின் மண்டியிட்டான். "கிளாரா, என்னை மணந்துகொள்வாயா?"

கிளாரா தலையைக் குனிந்து 'சம்மதம்' என்று சொல்ல வேண்டும். சொல்லவில்லை. அரங்கமே காத்திருந்தது. திரைக்குப் பின்னாலிருந்து ரெஜினாவின் குரல், கடைசி வரிசைக்கே கேட்டது. "சம்மதம்னு சொல்லுட்டி!"

சங்கீதா நிமிர்ந்தாள். "எட்வின், உங்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. கல்யாணத்துக்கு அது போதாது. காலையில் என் அப்பாவின் கடையை நான் திறக்க வேண்டும். என்னால் முடியாது."

பாவம் நாகஜோதி! அவளுக்கு இந்த முடிவே தெரியாது. மண்டியிட்டபடியே கேட்டாள். "அப்ப நான் என்னங்க பண்றது?"

மீசை கீழே விழுந்தது. கிளாரா பேசி முடித்ததும் கேசட் போடச் சொல்லியிருந்தார்கள் போல... கெட்டிமேளம் முழங்கியது! அரங்கம் சிரித்துச் சிரித்து அதிர்ந்தது. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது மாப்பிள்ளைப் பையன்தான்.

சரஸ்வதி அம்மாள் சிரிக்கவில்லை. "அந்தப் பேச்சை இந்தப் புள்ளையே எழுதிச்சுங்களா?"

"இல்லீங்க. நூறு வருஷத்துக்கும் முன்னால ஒரு வெள்ளைக்காரம்மா எழுதினதுங்க."

"அப்பவேங்களா!" என்றவர் யோசனையில் ஆழ்ந்தார். நானோ அந்த முகம் தெரியாத அம்மாளை நினைத்துக்கொண்டேன். அவர் எழுதியதை எழுதியபடியே கேட்க எவ்வளவு காலம், எவ்வளவு தூரம்!

விழா முடிந்து வெளியே வந்தோம். சங்கீதாவும் கவுனோடு அப்பா பக்கத்தில் வந்து நின்றாள். துரைசாமிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "புள்ளை நாடகத்துலதானுங்க அப்படி..." என்று ஆரம்பித்தார்.

"சம்பந்தம் வேண்டாமுங்க" என்றார் சரஸ்வதி. "ஆனா புள்ளை எனக்கு வேணும். ஆர்டர் பேசற எங்க மர்ச்சண்டைசர் ஒருத்தரும், சரக்கு வாங்கற வெளிநாட்டுப் பையர்கிட்ட முடியாதுன்னு சொல்றதில்லீங்க. எந்தத் தேதி கேட்டாலும் யெஸ். அப்பறம் சரக்கைக் கப்பல்ல அனுப்ப நேரமில்லாம ஏரோப்ளேன்ல ஏத்தி, லாபமெல்லாம் ஆகாசத்துல போகுது. கண்ணு, திங்கக்கெழமையே வேலைக்கு வந்துரு."

துரைசாமி மகளைப் பார்த்தார். சங்கீதா கவுனின் சுருளை நீவிவிட்டுக்கொண்டே சொன்னாள்.

"திங்கக்கெழம முடியாதுங்க. பரீட்சை இருக்குது. முடிச்சுட்டு வர்றனுங்க."

"பாத்தீங்களா! எனக்கே முடியாதுங்குது!" சரஸ்வதி அம்மாள் துரைசாமியின் பக்கம் திரும்பி, பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

மாமியார் ஆகும் வாய்ப்பை இவ்வளவு சந்தோஷமாக விட்டுக்கொடுத்தவரை நான் பார்த்ததே இல்லை!