ஐந்தாவது யூனிட்

என் தங்கை அஃபீஃபாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று எங்கள் பெரிய கடைவீதியில் எல்லோருக்கும் தெரியும். இந்த விஷயத்தில் அவள் பட்ட கோபம் போதாது என்பேன் நான்.

அவள் படித்த எம்.எஸ்ஸி. இயற்பியலில் எலக்ட்ரோடைனமிக்ஸ் என்று ஒரு பாடம். மொத்தம் ஐந்து யூனிட். பரீட்சையில் யூனிட்டுக்கு ஒன்றாக ஐந்து பெரிய கேள்விகள் வரும். மூன்றுக்கு எழுதினால் போதும். அதனால் மின்னூட்டம் எப்படி அலை வீசுகிறது என்று சொல்லும் ஐந்தாவது யூனிட்டை அவள் கல்லூரியில் யாரும் தொடுவதில்லை. "அத சாய்ஸ்ல விட்டுடுங்க" என்பார் பாடம் நடத்தும் ரெங்கராஜ் சார். பிள்ளைகளும் நிம்மதியாகப் பேனாவை மூடுவார்கள். இவள் மட்டும் எழுந்து, "அத எப்ப சார் நடத்துவீங்க?" என்பாள்.

"உனக்கு ராங்க் வேணுமா, வேணாமா?"

ராங்க் வாங்கினாள். வாங்கி என்ன செய்ய? ஐந்தாவது யூனிட்டைத் தானே படிக்க உட்கார்ந்து இரண்டு பக்கம் தாண்ட முடியவில்லை.

ஆராய்ச்சிப் படிப்புக்கான இண்டர்வியூவில் முதல் கேள்வியே அதிலிருந்துதான். ஒரே வேகத்தில் நேராகப் போகும் மின்னூட்டம் அலை வீசுவதில்லை, வேகம் மாறினால் வீசுகிறது, ஏன்? பக்கத்து மொட்டைமாடியில் நாளெல்லாம் அலை வீசும் செல்போன் டவரைப் பார்த்தே வளர்ந்தவள், "அத எங்களுக்கு நடத்தல" என்றாள். இடம் போயிற்று.

மறுநாள் நானும் அவளோடு கல்லூரிக்குப் போனேன். சார் தன் அறையில் ஸ்ரீரங்கம் பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"ஏன் சார் நடத்தல?" என்றாள் அஃபீஃபா.

சார் வாசலை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நான் படிக்கிறப்பவும் அத சாய்ஸ்லதாம்மா விட்டோம். எனக்கே தெரியாது."

இத்தனை வருடம் இதே பாடத்தை நடத்தியவர் பேசுகிற பேச்சா இது? நானாக இருந்தால் கிழி கிழியென்று கிழித்திருப்பேன். அஃபீஃபா புத்தகத்தை எடுத்து, கடைசி அத்தியாயத்தைத் திறந்து மேசைமேல் போட்டாள்.

"திரும்ப அந்த இண்டர்வியூவுக்குப் போவேன். உக்காருங்க சார், ரெண்டு பேரும் சேர்ந்து படிப்போம்."

"இப்பவா? பஸ் போயிடும்மா."

"உங்களுக்கு அடுத்த பஸ் அஞ்சு நிமிஷத்துல வரும் சார். எனக்கு அடுத்த இண்டர்வியூ ஒரு வருஷம் கழிச்சு."

சார் பையைக் கீழே வைத்தார்.