ஈப்போவுக்குத் தெரியாத கால்

தேநீரைக் குடிக்காமல், கிளாஸை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் உருட்டிக்கொண்டிருக்கிறாள் பார்பரா. விரலில் சூடு ஏறினால்தான் டைப்ரைட்டரில் வேலை ஓடும். ஆறிப்போன தேநீர் அப்படியே ஜன்னலில் இருக்கும். கொழுந்து பறித்துவிட்டு வரும் அம்மா, "தோட்டமே இந்தத் தண்ணிக்குத்தான் ஒழைக்குது. இவளுக்கு அது குளிர் காயத்தான் லா" என்று முணுமுணுப்பார்.

வெள்ளைத் தாள் இருப்பது அரிசி டின்னுக்குள். வெளியே வைத்தால் மலைப் பனியில் அப்பளம் மாதிரி நமுத்துப்போகும். அந்த வீட்டுச் சோற்றில் எப்போதாவது காகித வாடை அடிக்கும். யாரும் அதைப் பெரிதுபடுத்துவதில்லை.

அவள் அடிப்பது ஈப்போவிலுள்ள ஒரு வக்கீல் ஆபிசின் பத்திரங்கள். இந்த எண்பத்திரண்டாம் வருஷத்திலும், தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் அந்த லயத்தில் டெலிபோன் கிடையாது. மலையில் திரிங்காப்பில் முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு கீழே ஈப்போவுக்கு இறங்கும் பக்கிரிசாமியின் லோரியில்தான் அடித்த தாள் போகும். மேலே திரும்பும்போது அடிக்க வேண்டிய அடுத்த கட்டு வரும். "தாளெல்லாம் கோஸ் நாறுதுன்னு வக்கீல் சொல்றாரு" என்பார் அவர், ஜன்னல் வழியாக வாங்கிக்கொண்டே. "பொரியல் வெச்சுக்கச் சொல்லுங்கண்ணே" என்பாள் இவள்.

ஆபிசில் யாரும் அவளைப் பார்த்ததில்லை. பார்க்கவும் கூடாது என்பது அவள் முடிவு. சின்ன வயதுக் காய்ச்சலில் இடதுகால் சூம்பிவிட்டது. கூடை சுமந்து சரிவில் ஏற முடியாது. கன்னியர் பள்ளியில் டைப்பிங் படித்து, பக்கத்து ஊரான தானா ராத்தாவில் ஒரு கடையில் வேலை கேட்டாள். முதலாளி காலைப் பார்த்தார், அதோடு சரி. "கை வேலதானே கேக்குறாங்க, கால எதுக்குக் காட்டணும்?" என்கிறாள்.

அவளோடு பள்ளியில் படித்த நான் போன மாதம் அங்கே போயிருந்தபோது, அந்த வக்கீல் ஆபிசின் தலைமைக் குமாஸ்தா, பெரிய கிராணி ராமையா சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். கையில் புதுக் கட்டு. தோட்டத்தில் கிராணி வந்தால் எழுந்து நிற்க வேண்டும். சட்டமில்லைதான், ஆனால் சட்டத்தைவிடக் கெட்டியான வழக்கம். அம்மா எழுந்தார். பக்கத்து வீட்டு வேலம்மா எழுந்தார். வெட்கக்கேடு, நானும் எழுந்துவிட்டேன். பார்பரா மட்டும் உட்கார்ந்தபடியே, "வாங்க சார்" என்றாள்.

ராமையாவும் தோட்டத்தில் பிறந்தவர்தான். எத்தனையோ கிராணிகளுக்கு எழுந்து நின்றவர். தனக்கு ஒருத்தி எழவில்லை என்றால் பொறுப்பாரா? "லயத்துப் புள்ளைக்கு இவ்ளோ திமிரா? ஈப்போவுல டைப் அடிக்க ஆளா இல்ல?" என்று கொண்டுவந்த தாள்கட்டைத் தன் பைக்குள் திணித்துக்கொண்டு படியிறங்கினார். அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். பார்பரா கையமர்த்தினாள்.

மேசையைப் பிடித்து எழுந்தாள். கம்பை ஊன்றி, காலை இழுத்து, வாசல்வரை நடந்தாள். சத்தம் கேட்டுத் திரும்பிய ராமையாவின் பார்வை அவள் காலிலேயே நின்றுவிட்டது.

"பார்த்துட்டீங்கல்ல சார்? இந்தக் காலு, நான் அடிச்ச தாள்ல எங்கயாச்சும் தெரிஞ்சுச்சா?"

கையை நீட்டினாள். கட்டு அதில் வந்து சேரும்வரை இறக்கவில்லை.