தலைகீழாய் நின்ற பிரிட்ஜ்

அனிதா ஒரு பிரிட்ஜ் தொழிற்சாலையில் ஒன்பது வருஷம் வேலை பார்த்தவள். ஆர்.கே.பேட்டையிலிருந்து கம்பெனி பஸ்ஸில் போய், நாள் முழுக்கக் கதவுகளுக்கு ரப்பர் ஒட்டுவாள். கேஸ் நிரப்பும் பகுதியில் ஆண்களுக்கு மட்டும்தான் வேலை. "எனக்கும் கத்துக்குடுங்க" என்று மூன்று முறை எழுதிக் கொடுத்தாள். மூன்றாவது கடிதத்துக்குப் பிறகு அவளுடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விட்டார்கள்.

சென்னையில் ஆறு மாதப் பயிற்சி வகுப்பில் போய்ச் சேர்ந்தாள். முப்பது பேரில் அவள் ஒருத்திதான் பெண். முடித்த கையோடு திருத்தணி அரக்கோணம் ரோட்டில் கடை போட்டாள். போர்டு எழுத வந்தவர், "வூட்டுக்காரர் பேரப் போட்டா நாலு பேரு நம்பி வருவாங்கம்மா" என்றார்.

"ரிப்பேர் பண்றது அவரா, நானா?"

'அனிதா பிரிட்ஜ் ஒர்க்ஸ்' என்றே எழுத வைத்தாள். ஏணி போட்டு அதை மாட்டியது, லோடு ஆட்டோ ஓட்டும் அவள் கணவன் விஜயன்.

ஆடிக் கிருத்திகைக் கூட்டம் வடிந்த மறுநாள் காலை, கடை வாசலில் ஒரு வெள்ளை வேன் வந்து நின்றது. உள்ளே கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, ஒரு சின்ன பிரிட்ஜ். ஓய்வு பெற்ற ஸ்ரீதரும் அவர் மனைவி வசந்தியும் அந்த வேனிலேயே ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார்கள். மூன்று நாளாகப் பிரிட்ஜில் குளிர்ச்சியே இல்லை. பால் திரிந்து, மாவு பொங்கி வழிந்திருந்தது.

"கம்பெனிக்குப் போன் பண்ணினேன். தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்கன்னு சொல்றான். எதிர்க் கடைக்காரரும் அதையேதான் சொல்றார்" என்றார் ஸ்ரீதர்.

எதிர்க் கடை ஜெகநாதனுடையது. இருபது வருஷ மெக்கானிக். அவர் வாசலில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னாம்மா அனிதா, அதுல கம்ப்ரஸரே இல்ல. எதைக் கழட்டுவே?"

"இல்லன்னு எனக்கும் தெரியும்ணே."

அந்த வகை அவளுக்குப் பழக்கம்தான். திருப்பதி லாட்ஜ் ஒன்று கழித்துப் போட்ட, சத்தமே வராத அறைப் பிரிட்ஜ் ஒன்றை வாங்கிவந்து அறுத்துப் பார்த்திருக்கிறாள். மிச்சமிருந்த அமோனியா முகத்தில் அடித்து இரண்டு நாள் கண் திறக்க முடியவில்லை. ஆனால் உள்ளே என்ன நடக்கிறதென்று புரிந்துவிட்டது. கேஸிலோ கரண்டிலோ அடியில் சூடு பட்டதும் அமோனியா ஆவியாகி மேலே போகும். அங்கே ஆறித் திரவமாகி, தானாகவே கீழே வழிந்து வரும். அந்த ஓட்டத்தில்தான் குளிர்ச்சி.

பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தாள். அடிக்குழாய் கொதித்தது; மேலே சூடே இல்லை. மஞ்சள் கறை இல்லை, நெடியும் இல்லை. கசிவு கிடையாது.

"வண்டிய எங்க நிறுத்தியிருந்தீங்க சார்?"

"மலைக்குப் போற ரோட்டோரம். கூட்டத்துல வேற இடமே கிடைக்கல."

"சரிவுல மூணு நாள் ஓடியிருக்குது. உள்ள இருக்கிறது திரும்பி வர வழியில்லாம ஒரு பக்கமா நின்னுபூட்சி. கழட்டித் தலைகீழா வெக்கணும்."

"தலைகீழாவா?" என்றார் ஸ்ரீதர். எதிர்க் கடையிலிருந்து சிரிப்பு கேட்டது.

"ஆங். தலைகீழாத்தான்."

சிலிண்டரை மூடி, கேஸ் குழாயைக் கழற்றினாள். அவளும் விஜயனுமாகப் பிரிட்ஜை இறக்கிக் கவிழ்த்து வைத்தார்கள். சாயங்காலம் நிமிர்த்தி, ரசமட்டம் வைத்துச் சமன்படுத்தி, மறுநாள் காலை கரண்ட் கொடுத்தாள். மதியம் வரை பார்த்தும் குளிரவில்லை.

"விட்டுடலாம்மா. நீங்க முயற்சி பண்ணினதே பெரிசு" என்றார் ஸ்ரீதர்.

அந்த ஆறுதல்தான் அவளைச் சுட்டது. தொழிற்சாலையிலும் இப்படித்தான் தட்டிக்கொடுத்து அனுப்பினார்கள்.

"நான் இன்னும் முடிக்கல சார். இன்னொரு நாள் இருங்க."

இந்த முறை நேராகக் கவிழ்க்கவில்லை. முதலில் இடப்பக்கம் சாய்த்தாள், பிறகு வலப்பக்கம், அதன் பிறகுதான் தலைகீழ். குழாயில் காதை வைத்துக் காத்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் உள்ளே களக் களக்கென்று ஏதோ இறங்கியது.

"கேட்டுச்சா?" என்றாள் விஜயனிடம்.

"எனக்கே கேட்டுச்சி."

இரவு நிமிர்த்தி வைத்து, விடியற்காலையில் கரண்ட் கொடுத்தாள். மூன்றாம் நாள் மதியத்துக்குள் வசந்தி உள்ளே வைத்த டம்ளர் தண்ணீரில் ஐஸ் ஏடு கட்டியிருந்தது. ஜெகநாதன் ரோட்டைத் தாண்டி வந்து, கதவைத் திறந்து கையை உள்ளே விட்டுப் பார்த்தார். பிறகு தன் கடைக்குத் திரும்பிப் போனார்.

ஸ்ரீதர் உடனே கம்பெனிக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னார். "சார், அந்த மெக்கானிக்கிட்ட குடுங்க" என்றது குரல். அனிதா வாங்கி, "சொல்லுங்க" என்றாள்.

"மேடம், மெக்கானிக்கிட்ட குடுங்க."

"பேசிகினு இருக்கிறதே மெக்கானிக்தான்."

"வெளியாளுங்க அதைத் தொடவே கூடாதும்மா."

"நீங்க தூக்கிப் போடச் சொன்னதத்தான் தொட்டேன். அதுக்கு மேல அதுக்கு இன்னா கெடுதல் வந்துடப்போவுது?"

போன் துண்டிக்கப்பட்டது.

புறப்படும்போது, இதுபோன்ற வேன் வைத்திருப்பவர்களின் குழுவில் போடுவதற்காக ஸ்ரீதர் எழுதியதை வாசித்துக் காட்டினார்: "திருத்தணியில் ஒரு கிராமத்துப் பெண்மணி..."

"அத அழிங்க சார்" என்றாள் அனிதா. "அனிதா, பிரிட்ஜ் மெக்கானிக், அரக்கோணம் ரோடுன்னு போடுங்க."

அவர் அதை அழித்துவிட்டு, அவள் சொன்னபடியே எழுதினார்.