காலி என்று சொன்னாலும்

என் மனைவி மிலோய்கா பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். எங்கள் வேட்டைச் சங்கத்தில் சேர்ந்த முதல் பெண்ணும் அவள்தான். இதை நான் ஊர் முழுக்கச் சொல்லித் திரிகிறேன் என்று அவளுக்குக் கோபம். சொல்லத்தான் செய்வேன்.

சேர்ந்த புதிதில் துப்பாக்கியைத் துடைக்கத் தெரியாமல் படாத பாடு பட்டாள். துணியைப் பெரிதாக வெட்டிக் குழலுக்குள் திணித்தாள். அது பாதியில் சிக்கிக்கொண்டது. உதவப் போன நான் துணியைத் தள்ளும் கம்பியையும் வளைத்துத் தொலைத்தேன். பக்கத்து நகரமான தோல்மினில் துப்பாக்கி பழுதுபார்க்கும் ஸ்தானே எங்களைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தார். வேறு யாராக இருந்தாலும் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுத்திருக்க மாட்டார்கள். இவளோ சனிக்கிழமைதோறும் அவர் பட்டறையில் போய் நின்றாள். குழலைப் பின்பக்கத்திலிருந்து துடைக்க வேண்டும், எண்ணெய் துளிதான் வேண்டும், சுடப் போகுமுன் அதையும் உலரத் துடைத்துவிட வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கற்றாள். பிறகு சங்கத்து ஆண்களே துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு எங்கள் கதவைத் தட்டினார்கள்.

அதனால் புதிதாகச் சேர்ந்த ஐந்து பேருக்குத் துடைக்கக் கற்றுக்கொடுக்கும் வகுப்பு அவளிடம் வந்தது. முதல் நாளே வம்பும் வந்தது.

எங்கள் சங்கத்தில் ஒருவர் "காலி", அதாவது உள்ளே குண்டு இல்லை, என்று சொல்லித் துப்பாக்கியை நீட்டினால் வாங்குபவர் திறந்து பார்ப்பதில்லை. பார்த்தால் கொடுத்தவரைப் பொய்யன் என்று சொன்னதாக அர்த்தம். வகுப்பைத் தொடங்கிவைக்க வந்த சங்கத் தலைவர் ஆல்பின் தன் துப்பாக்கியை நீட்டினார்.

"காலிதான். இதை வச்சே சொல்லிக்குடு."

மிலோய்கா குழலை ஆளில்லாத சுவர்ப்பக்கம் திருப்பி, குழலின் பின்பக்கத்தை மூடும் போல்ட்டை இழுத்து உள்ளே பார்த்தாள். விரலையும் விட்டுப் பார்த்தாள். காலியாகத்தான் இருந்தது. ஆல்பினுக்கு முகம் சிவந்துவிட்டது.

"முப்பது வருஷமா வேட்டைக்குப் போறேன். புதுசா வந்தவங்க முன்னாடி என்னைப் பொய்யன்னு காட்டுறியா?"

"ஐயோ, இல்ல தலைவரே. என் துப்பாக்கியவே நான் இப்படித்தான் பாக்குறேன். எனக்கு நானே பொய் சொல்லிக்குவேனா?"

"வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்ல. அடுத்த வாரமும் வருவேன். மரியாதை தெரியலைன்னா இந்த வகுப்பு அன்னிக்கோட சரி."

அந்த வாரம் முழுக்க அவள் சரியாகச் சாப்பிடவில்லை. எனக்கு மனசு கேட்கவில்லை.

"ஒரே ஒரு தடவை பாக்காம வாங்கிடேன். அவரு துப்பாக்கி எப்பவும் காலியாத்தான இருக்கும்?"

"நான் பாக்காம வாங்கினா அந்த அஞ்சு பேரும் பாக்காம வாங்குவாங்க. எல்லார் துப்பாக்கியும் எல்லா நாளும் காலியா இருக்குமா, சிரில்?"

நான் சூப்பைக் குடித்தேன்.

அடுத்த வாரம் ஆல்பின் வந்தார். மிலோய்காவைக் கண்டுகொள்ளாமல் நேராக நெவென்காவிடம் போனார். அவள் அந்த ஐந்து பேரில் ஒருத்தி, தபால் நிலையத்தில் வேலை பார்ப்பவள். நாற்காலியில் இடித்துக்கொண்டால் நாற்காலியிடம் மன்னிப்புக் கேட்கும் ரகம்.

"காலி. பிடிம்மா."

நெவென்கா தயங்கித்தான் வாங்கினாள். ஆனாலும் குழலைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள், போல்ட்டை இழுத்தாள், உள்ளே பார்த்தாள், விரலை விட்டாள்.

"மன்னிச்சிருங்க தலைவரே. இப்ப எனக்கும் தெரியும், காலின்னு."

ஆல்பின் வாங்கி அடுத்தவரிடம் கொடுத்தார். அவரும் திறந்து பார்த்தார். ஐந்து பேரும் அப்படியே செய்தார்கள். மிலோய்கா உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். ஆல்பின் தாடியைச் சொறிந்தார். பிறகு துப்பாக்கியோடு கதவோரம் உட்கார்ந்திருந்த என் பக்கம் திரும்பினார்.

"சிரில், உன்னோடதக் குடு."

"காலிதான்," என்று பழக்கதோஷத்தில் சொல்லி நீட்டினேன்.

அத்தனை பேர் பார்க்க, அவர் குழலைச் சுவர்ப்பக்கம் திருப்பி, போல்ட்டை இழுத்து, தன் தடித்த விரலை உள்ளே விட்டுப் பார்த்தார். சங்கத்தில் யாரும் என்னை அப்படி அவமதித்ததே இல்லை. எனக்கோ பெருமை தாங்கவில்லை.