செல்வியின் இடது காது

நேற்று சுகாதார நிலையத்தில் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கரண்டியில் வைட்டமின் மருந்து ஊற்றினார்கள். அந்த ஆரஞ்சு எண்ணெய் வாசம் மூக்கில் ஏறியதும் எனக்குக் கல்லிடைக்குறிச்சி ரயில்பாதைதான் ஞாபகம் வந்தது. மருந்துக்கும் ரயிலுக்கும் என்ன சம்பந்தம் என்பீர்கள். சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். என் தங்கை செல்விக்கு ஆறு வயசு. மணல்வாரி அம்மை போட்டு, தலைக்குத் தண்ணீர் ஊற்றி, எல்லாம் முடிந்தது என்றிருந்தோம். பிறகுதான் காதில் சீழ் வடிய ஆரம்பித்தது. அம்மா பஞ்சால் துடைத்துவிட்டு அப்பளக் கம்பெனிக்கு ஓடுவாள். கூப்பிட்டால் செல்வி திரும்ப மாட்டாள். "பிடிவாதம் கூடிப்போச்சு" என்பாள் அம்மா. அந்தி சாய்ந்தால் செல்வி வாசற்படியில் இடறி விழுவாள்; அதற்கும் ஏச்சுதான்.

ஒரு சாயங்காலம் அம்மாவும் நாங்கள் ரெண்டு பேரும் ஆற்றில் குளித்துவிட்டு வந்துகொண்டிருந்தோம். முன்னால் போன செல்வி தண்டவாளத்தின் நடுவே குனிந்து எதையோ தடவிக்கொண்டிருந்தாள். வளைவில் வண்டி கூவியது.

"ஏட்டி செல்வி! வண்டி வருதுட்டி, ஓடியா!" என்று கத்தினாள் அம்மா.

அவள் நிமிரவே இல்லை. அம்மா ஈரச்சேலையோடு பாய்ந்தாள். நானும் வீராங்கனை மாதிரி கிளம்பி, பாவாடை தடுக்கி ஜல்லியில் குப்புற விழுந்தேன். தலையைத் தூக்கினால் வண்டிதான் தெரிந்தது. ஒவ்வொரு பெட்டியாகப் போகிறது, முடியவே மாட்டேன் என்கிறது.

கடைசிப் பெட்டி போனபின், அந்தப் பக்கச் சரிவில் அம்மா கிடந்தாள். அவள் கைக்குள் செல்வி.

"என்னை எதுக்கும்மா தள்ளுன?"

அடிக்க ஓங்கிய கை பாதியில் நின்றது. அம்மா அவள் முதுகுக்குப் பின்னால் போய்க் கை தட்டினாள். மறுபடியும் தட்டினாள். பிள்ளை திரும்பவில்லை.

"இவளுக்குக் காது கேக்கலயேட்டி," என்றாள் என்னிடம்.

மறுநாள் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போனோம். காதைப் பார்த்த டாக்டரம்மா, "பொழுது சாய்ஞ்சா கண்ணு தெரியுதா?" என்று கேட்டதும் அம்மா விழித்தாள். "அம்மை, உடம்புல இருந்த வைட்டமினைக் கொண்டுபோயிருக்கும்மா. அது கொறஞ்சா கண்ணும் மங்கும், காதுச் சீழும் லேசுல ஆறாது." கரண்டியில் அந்த எண்ணெயை ஊற்றினார். காதுக்குச் சொட்டுமருந்து, சாப்பிட முருங்கைக்கீரை, முட்டை.

கண் சீக்கிரம் தெளிந்துவிட்டது. காதுதான் எங்களைப் பாடாய்ப் படுத்தியது. தினமும் காலையில் அம்மா பின்னால் நின்று பைய "செல்வி" என்பாள். பதில் இருக்காது. சேலைத்தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வேலைக்குப் போவாள். சீழ் நின்று பல வாரம் கழித்து ஒருநாள், "என்னம்மா, சும்மா சும்மா கூப்பிடுத?" என்று எரிச்சலாகத் திரும்பினாள் செல்வி. அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

வலது காது வந்தது. இடது வரவேயில்லை.

அவளுக்காக வீட்டில் எல்லோரும் கத்திப் பேசியே பழகினோம். சண்டையோ என்று தெருவே எட்டிப்பார்க்கும். இப்போது அம்மா இல்லை. செல்வி வள்ளியூரில் டீச்சர். போன லீவுக்கு வந்தவள் அடுக்களையில் நின்று கொஞ்ச நேரம் சுற்றிப் பார்த்தாள்.

"என்னக்கா, வீடு ஒரு சத்தமும் இல்லாம கெடக்கு?" என்றாள்.