குடலுக்குள் ஒரு பச்சைச் சதுரம்

நான் வாழும் நாட்டில் மலத்தைத் தபாலில் அனுப்புகிறார்கள். வாசிக்கும் நீங்கள் முகம் சுளிப்பீர்கள், நானும் சுளித்தேன். ஐம்பத்தைந்து வயது பிறந்து கொஞ்ச நாளில் வீட்டுத் தபால்பெட்டியில் ஒரு தடித்த உறை கிடந்தது. உள்ளே ஒரு சிறு குச்சி, இறுக்கி மூடும் குப்பி, எப்படி எடுப்பது என்று படம் போட்ட தாள், முத்திரை ஒட்டத் தேவையில்லாத இன்னோர் உறை. பெருங்குடல் புற்றுநோயை முன்கூட்டியே கண்டுபிடிக்க நோர்வே அரசாங்கம் இந்த வயதுக்காரருக்கு அனுப்பும் சோதனை அது. என் கணவர் யாழ்ப்பாணத்துக்காரர். வாசித்துவிட்டு, தபால்காரன் பாவம் என்று சிரித்தார். நான் அதைக் குளியலறை அலமாரியில் துவாய்களுக்குப் பின்னால் தள்ளி வைத்தேன். நான் முதியோர் இல்லமொன்றில் வேலை செய்கிறேன். ஒருநாள் மதிய இடைவேளையில், என்னோடு வேலை செய்யும் ஒரு நோர்வேஜியப் பெண், பாணுக்கு வெண்ணெய் பூசியபடியே, தன்னுடையதை இன்று காலைதான் தபாலில் போட்டதாக எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள். ஒருவரும் சாப்பாட்டிலிருந்து கையை எடுக்கவில்லை. அன்று மாலையே துவாய்களை விலக்கி அந்த உறையை எடுத்தேன்.

எங்கள் வீட்டில் குடலைப் பற்றிப் பேசும் வழக்கமே இல்லை. மட்டக்களப்புப் பக்கத்துச் செட்டிபாளையத்தில், வாவிக்கும் கடலுக்கும் நடுவிலிருந்த எங்கள் வீட்டில், அம்மா மெலியத் தொடங்கியபோது எனக்குத் திருமணமாகவில்லை. தம்பி யோகன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். கேட்டால் உடம்புச் சூடு என்பா. வெந்தயம் ஊறவைத்த தண்ணீர் குடிப்பா, இளநீர் குடிப்பா, கொஞ்சம் தெளிந்ததுபோல் இருப்பா. இரத்தம் போவதை மாதக்கணக்கில் ஒருவருக்கும் சொல்லவில்லை. அவவால் எழும்ப முடியாமல் போனது போர் நாட்களில்; மட்டக்களப்புப் பாதை ஒருநாள் திறந்திருந்தால் அடுத்த நாள் பூட்டியிருக்கும். ஒருவழியாகப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தபோது வயிறு முழுக்கப் பரவிவிட்டது என்றார்கள். எங்கிருந்து தொடங்கியது என்று கேட்டோம். இனி அதைத் தேடி அவவை வருத்த வேண்டாம் என்றார் வைத்தியர். அவர் சொன்னது நியாயம்தான். அம்மாவின் நோய்க்கு எங்கள் வீட்டில் கடைசிவரை பெயர் இருக்கவில்லை.

குப்பியை அனுப்பிக் கொஞ்ச நாளில் பதில் வந்தது. இரத்தம் தெரிகிறது, கமரா விட்டுப் பார்க்க வாருங்கள். அதற்கு முதல் நாள் முழுவதும் அவர்கள் தந்த மருந்தைக் குடித்துக் குடலைக் கழுவிவிட்டு, வெறும் வயிற்றோடு வைத்தியசாலைக்குப் போனேன். இளம் தாதி ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ விளக்கினாள். இத்தனை வருடத்தில் நோர்வேஜிய மொழி எனக்கு நன்றாகவே வரும். ஆனால் பயம் வந்தால் அதுதான் முதலில் போகும். கடைசியாக அவள், "வில் டு வேரெ மெ?" என்று கேட்டது மட்டும் காதில் விழுந்தது. கூட இருக்க விருப்பமா என்று அதற்குச் சொல்லுக்குச் சொல் அர்த்தம். எனக்குத் துணையாக யாராவது கூட வந்திருக்கிறார்களா என்று கேட்கிறாள் போல என நினைத்து, இல்லை, அவர் வேலைக்குப் போய்விட்டார் என்றேன். அவள், உங்கள் கணவரின் அனுமதி எங்களுக்குத் தேவையில்லை என்று மிகவும் மெதுவாகச் சொன்னாள். நான் இன்னும் குழம்பினேன். பிறகுதான் விளங்கியது. அங்கே ஓர் ஆய்வு நடக்கிறது, அதில் நான் சேர விருப்பமா என்று கேட்டிருக்கிறாள். இருவரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பில் பாதிப் பயம் போய்விட்டது.

ஆய்வு இதுதான். கமரா குடலுக்குள் போகும்போது வைத்தியர் திரையைப் பார்ப்பார். அவரோடு சேர்ந்து ஒரு கணினியும் பார்க்கும். சந்தேகமான சதை முளை எதையாவது கண்டால் அதைச் சுற்றிப் பச்சைச் சதுரம் ஒன்று போட்டுக் காட்டும். பொலிப் என்று அவர்கள் சொல்லும் அந்த முளைகளில் சில, வருடக்கணக்கில் வளர்ந்து புற்றாக மாறக்கூடியவை. ஆய்வில் சேர்ந்தவர்களில் ஒரு பாதிப் பேருக்குக் கணினியோடும் மறுபாதிப் பேருக்குக் கணினி இல்லாமலும் பார்த்து, எதில் கூடுதலாக அகப்படுகிறது என்று கணக்கெடுக்கிறார்கள். யார் எந்தப் பாதி என்பது குலுக்கல்போல விழுவது. எனக்குக் கணினி விழுந்தது.

மயக்க மருந்து தராமலே செய்தார்கள். இடப்பக்கம் சரிந்து படுத்தபடி, என் குடலை நானே பார்த்தேன். அது அசிங்கமாக இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். இளஞ்சிவப்பாய், ஈரமாய், வளையம் வளையமாக, ஒரு குறையும் சொல்ல முடியாதபடி இருந்தது. இத்தனை வருடமாக நான் தின்ற எல்லாவற்றையும் முறைப்பாடில்லாமல் தாங்கிய வழி. வைத்தியர் உயரமான பெண், அதிகம் பேசாதவர். திடீரென்று பச்சைச் சதுரம் எழும்பியது.  அவர் கிட்டப் போய்ப் பார்த்துவிட்டு, தக்காளி விதை என்றார். கொட்டையுள்ள எதையும் சாப்பிடக்கூடாது என்று தாளில் போட்டிருந்ததை மறந்து முந்தின நாட்களில் நான் தக்காளிச் சம்பல் தின்றிருக்கிறேன். கமராவை வெளியே இழுத்துக்கொண்டு வரும் வேளையில், ஒரு மடிப்பின் ஓரத்தில் சதுரம் மின்னி மறைந்தது. வைத்தியர் அதைக் கடந்துவிட்டிருந்தார். நின்றார். திரும்பப் போனார். தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, நீல நிறச் சாயம் தெளித்தார். மடிப்போடு மடிப்பாகத் தட்டையாக ஒட்டிக்கொண்டிருந்த ஒன்று சாயத்தில் மெல்ல விளிம்பு காட்டியது. "அது இருக்கிறது," என்றார், எனக்கா தனக்கா என்று தெரியாத குரலில். மெல்லிய கம்பிச் சுருக்கைப் போட்டு அப்போதே அறுத்து எடுத்தார். எனக்கு ஒன்றும் நோகவில்லை. தாதி என் தோளில் வைத்த கையை எடுக்கவேயில்லை.

சோதனை முடிவு வந்தபோது அந்த வைத்தியரே அழைத்தார். புற்று இல்லை, ஆனால் உயிர்க்கலங்கள் மாறத் தொடங்கியிருந்தன, சில வருடம் விட்டிருந்தால் புற்றாகியிருக்கும் என்றார். பிறகு, குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா என்று கேட்டார். அம்மாவைப் பற்றிச் சொன்னேன். என் அம்மாவின் வெந்தயத் தண்ணீரையும் பூட்டிய பாதையையும் பற்றி அவர் பொறுமையாகக் கேட்டார். கூடப்பிறந்தவர்கள் இருந்தால் அவர்களும் பார்த்துக்கொள்வது நல்லது என்றார்.

கூடப்பிறந்தவன் யோகன் ஒருவன்தான். அடுத்த நாளே அழைத்தேன். வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், அவனுடைய வயல்வட்டையில் நெல் வெட்டும் இயந்திரம் ஓடும் சத்தம் கேட்டது. "எனக்கு ஒண்டுமில்லக்கா. வேளாண்மை வெட்டுற நேரம். எல்லாம் முடியட்டும், பாப்பம்," என்றான். அடுத்த தடவை மழையைக் காரணம் சொன்னான். அதற்கடுத்த தடவை அவன் மனைவி வசந்தி தொலைபேசியை வாங்கிக்கொண்டு, அவனுக்குக் கேட்காமல் குசினி அடுப்படிக்குப் போய்விட்டாள்.

"மச்சாள், இவர் உங்களிட்டச் சொல்லமாட்டார். ரத்தம் போகுது. கட்டின சாரனை ஒளிச்சு ஒளிச்சு அவரே கழுவுறார். நான் கண்டுட்டன்."

சித்தாண்டி முருகன் கோயில் திருவிழாவுக்குப் போய் வந்த நாளிலிருந்து அப்படி இருக்கிறதாம். நான் விடுமுறை கேட்டு விமானம் ஏறினேன்.

ஊர் வந்து சேர்ந்து மூன்றாம் நாள் யோகனோடு மோட்டார் சைக்கிளில் வட்டைக்குப் போனேன். வெட்டி முடிந்த வயல், நெல்லின் அடித்தாள் மட்டும் நின்றது. காவலுக்குப் போட்டிருந்த வாடிக் குடிசையின் நிழலில் உட்கார்ந்து, என் குடலுக்குள் நான் கண்டதை முழுக்கச் சொன்னேன். பச்சைச் சதுரத்தை, தக்காளி விதையை, மடிப்பில் ஒட்டியிருந்ததை. விதைக்குச் சிரித்தான். 

"பயமாயிரிக்கி அக்கா," என்றான். "பாத்தாத் தெரிஞ்சிருமே."

"தெரியட்டும் மனே. அம்மாக்குத் தெரியாமத்தானே போச்சு."

அவன் தண்ணிப் போத்தலை எடுத்து முகம் கழுவிவிட்டு, வசந்தியிடம் சொல்லு, நாள் எடுக்கட்டும் என்றான்.

மட்டக்களப்பு வைத்தியசாலையில் நாள் கிடைத்தது. அதற்கு முதல் நாள் அந்த மருந்தைக் குடித்துவிட்டு அவன் வளவின் மூலையிலிருந்த மலசலகூடத்துக்கு ஓடிய ஓட்டத்தை அயல் முழுக்கக் கண்டது. என்ன வருத்தம் என்று கேட்டவர்களுக்கு வசந்தி வாய்திறந்து சொன்னாள், குடல் பார்க்கப் போகிறார் என்று. நான் நோர்வேயில் சாப்பாட்டு மேசையில் கண்டதை அவள் வேலியோரத்தில் செய்தாள். காலையில் நானும் வசந்தியும் வாசலில் காத்திருந்தோம். கதவு திறந்தபோது கண்டேன்: உள்ளே எங்கள் ஊர்ப் பக்கத்து வைத்தியர், நோர்வேயில் நான் பார்த்த அதே மாதிரிக் குழாய், அதே மாதிரித் திரை. கணினி மட்டும் இல்லை. வெளியே வந்து, வளர்ந்த முளை ஒன்று இருக்கிறது, துண்டு எடுத்து அனுப்பியிருக்கிறேன் என்றார். நான் என் ஆய்வைப் பற்றிச் சொன்னபோது ஆர்வமாய்த் துருவித் துருவிக் கேட்டார்.

"அது இஞ்ச வரக்குள்ள வரட்டும்," என்றார். "அதுவரைக்கும் ஆக்கள் நேரத்துக்கு வந்தாலே எங்களுக்குக் காணும்."

யோகனுக்கு இருந்தது புற்றுத்தான். ஆனால் தொடக்கம், குடலை விட்டு வெளியே போயிருக்கவில்லை. ஒரு துண்டுக் குடலை வெட்டி இரண்டு முனையையும் இணைத்தார்கள். சத்திரசிகிச்சை முடிந்து நினைவு திரும்பியதும் பசிக்கிறது என்றான். வசந்தி அழுதது அப்போதுதான். நான் விடுமுறையை நீட்டினேன். என் இடத்தில் வேலை செய்ய முதியோர் இல்லத்துத் தோழிகள் முறை வைத்துக்கொண்டார்கள். அவர்களுக்கு என் தம்பியின் பெயரைச் சரியாகச் சொல்ல வராது. யூகன், யூகன் என்று நலம் கேட்டுத் தினமும் செய்தி வந்தது. இந்தப் போகத்துக்கு அவன் மீண்டும் வயலில் இறங்கிவிட்டான். யாருக்கு நன்றி சொல்வது என்று எண்ணத் தொடங்கினால் இரண்டு நாட்டிலும் ஆட்கள் வரிசையாக வருகிறார்கள்.

நோர்வே திரும்பிய பிறகு அந்த இளம் தாதி அழைத்தாள். என்னிடமிருந்து எடுத்த சதையை எறியாமல், மெழுகில் பதித்து, பின்னால் வரும் ஆய்வுகளுக்காக வைத்துக்கொள்ள எனக்குச் சம்மதமா என்று கேட்டாள். இந்தத் தடவை சரியாகவே விளங்கியது. ஓம் என்று தமிழில் சொல்லிவிட்டுப் பிறகு அவள் மொழியில் சொன்னேன். யோகனுக்குச் சொன்னபோது, அப்ப நீ அங்கயே தங்கிட்டாய் என்று சிரித்தான். இருக்கலாம். செட்டிபாளையத்து மீனும் படுவான்கரை அரிசியும் தின்று வளர்ந்த உடம்பின் ஒரு துண்டு, பனி விழும் ஒரு நகரத்தின் அலமாரியில், எண் போட்டு இருக்கிறது. நான் இறந்த பிறகும் அது அங்கே இருக்கும். அது போக மிச்சமாக உள்ள நான், வருடத்துக்கு ஒருமுறை ஊர் போகும் மட்டக்களப்பு பஸ்ஸில் யன்னலோர இருக்கை தேடுகிறேன்.